பென்டிரைவின் உரிமையாளர்

இது என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. ஆகவே, காரணம் தேடாமல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தேடினேன். கிடைக்கவில்லை.

மனைவி இறந்து ஏழு மாதம். மருத்துவமனையில் படுத்தபடியே மகளுக்காக ஒரு முயல் கதையைப் பேசிப் பதிவு செய்திருந்தாள். அதைக் கேட்காமல் பாப்பா தூங்க மாட்டாள். அந்தப் பதிவு இருந்த ஒரே இடம் மனைவியின் பழைய கம்ப்யூட்டர். அன்று காலை அதன் ஹார்ட் டிஸ்க் ‘டிக்... டிக்...’ என்று அடிக்க ஆரம்பித்தது. சாகப்போகும் டிஸ்க்கின் சத்தம் எனக்குத் தெரியும்.

ஒரு பென்டிரைவைப் புதிதாக ஃபார்மட் செய்துகொண்டு, அந்தக் கம்ப்யூட்டர் இருந்த மனைவியின் அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். கதையைப் பென்டிரைவில் பிரதி எடுக்கக் கம்ப்யூட்டருக்குச் சொன்னேன்.

‘அனுமதி மறுக்கப்பட்டது.’

இது வழக்கம்தான். புதிதாக ஃபார்மட் செய்த டிரைவ், எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கின் பெயரில் இருக்கும். உரிமையாளரை மாற்றினால் போதும். அந்தக் கம்ப்யூட்டருக்கு மனிதர்கள் வெறும் எண்கள். நான் 1000. மனைவி 1001. அவள் போன பிறகு அவளுடைய கணக்கை நானே நீக்கியிருந்தேன். வைத்திருந்து என்ன செய்ய?

உரிமையாளர் யார் என்று பார்த்தேன். நிர்வாகி இல்லை.

1001.

மாற்றினேன். 1000 என்று காட்டியது. பிரதி எடுத்தேன். மறுத்தது. பார்த்தால், மறுபடி 1001. நிர்வாகியாகவே நுழைந்து முயன்றேன். நிர்வாகியை எந்த டிரைவும் மறுக்காது. இது மறுத்தது.

டிக்... டிக்... இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

வேறு பென்டிரைவ் எடுத்துவர எழுந்தேன். கைப்பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை.

வெளியே, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மச்சினியின் குரல். "மாமா, தாழ்ப்பாளை எடுங்க. பாப்பா உங்களைத் தேடுறா."

"நான் தாழ்ப்பாளே போடல. நீ தள்ளு."

"ஊர்ல உள்ள கம்ப்யூட்டரையெல்லாம் திறக்கிறீங்க. ஒரு கதவைத் திறக்கத் தெரியலையா?"

சிரித்துக்கொண்டே தள்ளினாள். நான் இழுத்தேன். இம்மியும் அசையவில்லை. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

அது உள்பக்கம் திறக்கும் கதவு. யாராவது அழுத்திப் பிடித்திருந்தால்... என் பக்கம்தான் நிற்க வேண்டும்.

என்னருகில்.

கைப்பிடியை விட்டேன். திரும்பாமல், பின்னாலேயே நடந்து நாற்காலிக்கு வந்தேன்.

டிக். டிக். டிக்.

உரிமையாளர் 1001 என்று என் கையாலேயே அடித்தேன்.

"உன்னோடதுதான்... பாப்பாவுக்குக் கொடு."

பென்டிரைவின் விளக்கு சிமிட்டியது.

நான் பிரதி எடுக்கச் சொல்லவே இல்லை.

சிமிட்டியது... சிமிட்டியது... நின்றது.

டிஸ்க்கும் நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

மச்சினி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"தாழ்ப்பாளை எடுக்க இவ்வளவு நேரமா, மாமா? இப்பத்தான் இழுத்த சத்தமே கேட்டுச்சு."

கதை முழுதாக இருந்தது. அன்று இரவு பாப்பா கேட்டுத் தூங்கினாள். உரிமையாளர் 1001. எனக்குக் கேட்க மட்டும் அனுமதி.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று, தாழ்ப்பாளைக் கழற்றத் திருப்புளியோடு போனேன்.

கதவில் தாழ்ப்பாள் இல்லை.

நான்கு திருகு ஓட்டைகள். பற்பசையால் அடைக்கப்பட்டிருந்தன. அப்போதுதான் நினைவு வந்தது. போன வருடம் பாப்பா நாற்காலியில் ஏறித் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே மாட்டிக்கொண்டாள். அன்றே என் மனைவி அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டாள்.