தாளம் போட்ட பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டப் பழகுகிறவருக்கு. இன்னொன்று, பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டவர் என்பதால் இந்த ஊர் டிரைவிங் வாத்தியாருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமலா இருக்கும்? அதை அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

மாஸ்டர் மகா பொறுமைசாலி. நேராகச் சுவரை நோக்கி வண்டியை விடுகிறவர்களிடம்கூட, "சுவர் விலகாதுப்பா, நாமதான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்" என்று தன்மையாகச் சொல்வார். சொல்லிக்கொண்டே பிரேக்கை அமுக்கிவிடுவார். குரல் உயராது. முகம் மாறாது. வியர்வை மட்டும் ஆறாக ஓடும்.

இதெல்லாம் சாதாரண நாளில். கச்சேரி சீசன் நெருங்கிவிட்டால் ஆள் வேறு.

பெரிய அரங்கில் ஒரு மாதம் முழுக்க, தினமும் சாயங்காலம் சங்கீதக் கச்சேரி. மாஸ்டருக்குப் பாட வராது. பாத்ரூமில்கூட முயற்சி செய்து யாரையும் கஷ்டப்படுத்தியதில்லை. ராகத்தின் பெயரைக் கேட்டால், போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்டதுபோல விழிப்பார். ஆனால் கேட்பார். காது, கண், கால் எல்லாவற்றாலும் கேட்பார். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் மற்ற மாதங்களில் இந்த ஊர்க்காரர்கள் கையில் தன் உயிரை ஒப்படைக்கிறார் என்று தோன்றும்.

சீசனுக்கு அவர் தயாராவதைப் பார்க்க வேண்டுமே! முதலில் மிட்டாய்ப் பரீட்சை. கச்சேரி நடுவே தொண்டை கரகரத்தால் மிட்டாய் வேண்டும். ஆனால் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தால் சரசரவென்று சத்தம் வரும். ஆகவே கடையில் இருக்கிற எல்லா மிட்டாயிலும் ஒவ்வொன்று வாங்கிவந்து, மனைவியைத் தள்ளி உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் கைவைத்துப் பிரிப்பார்.

"இது கேக்குதா?"

"கேக்குது."

"இது?"

"நீங்க பேசறதுதாங்க பெரிசா கேக்குது. எந்த மிட்டாயா இருந்தா என்ன, வீட்லயே உரிச்சு டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போங்களேன்."

இத்தனை வருஷத்தில் இது மாஸ்டருக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் மிச்சமிருந்த மிட்டாய்களையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். ஆரம்பித்த பரீட்சையைப் பாதியில் விடுவது அவர் தொழிலுக்கே அழகில்லை.

மனைவி கச்சேரிக்குக் கூடப் போவதில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை போனார். "அவர் தொடையில போட வேண்டிய தாளத்தை என் தொடையில போட்டாரு. ஒரு வாரம் மாடிப்படி ஏற முடியல" என்று இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். மாஸ்டர் அப்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்ப்பார்.

அந்த வருஷம் சிக்கல் மச்சான் ரூபத்தில் வந்தது. டிரைவிங் ஸ்கூலின் முதலாளி மாஸ்டரின் மனைவிக்குத் தம்பி. அக்காவுக்குப் பயப்படுவான், அக்கா புருஷனுக்குப் பயப்படமாட்டான்.

"சாயங்காலம்தான் மாமா ஆளுங்க கத்துக்க வர்றாங்க. மாசம் பூரா சாயங்காலம் லீவுன்னா நான் ஸ்கூலை இழுத்து மூட வேண்டியதுதான்."

"இப்ப சாயங்காலத்துல யாருடா இருக்கா? தையல்காரம்மா ஒருத்தங்கதானே?"

"அவங்க ஒருத்தங்க பத்து பேருக்குச் சமம். ரெண்டு தடவை டெஸ்ட்ல ஃபெயிலு. சரி, இப்படி வச்சுக்குவோம். சீசனுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. பாஸ் பண்ண வைங்க. அப்புறம் உங்க சாயங்காலம் உங்களுக்கு. ஃபெயில் ஆனாங்கன்னா, அடுத்த டெஸ்ட் வரைக்கும் உங்க சாயங்காலம் அவங்களுக்கு."

அடுத்த டெஸ்ட் சீசன் முடிந்த பிறகுதான். மாஸ்டர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சரி என்றார்.

தையல்காரம்மா பஜாரில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவர். தைத்ததைக் கொண்டுபோய் மாட்டிவர ஒரு குட்டி வேன் வாங்கியிருந்தார். வேன் கடை வாசலில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. ஓட்ட ஆள் இல்லை. அவருக்குப் பயம் கிடையாது, புத்தியும் கூர்மை. கால்தான் பிரச்சினை. பெடலைக் கண்டதும் அவர் பாதம் அதைத் தையல் மிஷின் என்று நினைத்துக்கொள்ளும். குதிகாலும் நுனிக்காலும் மாற்றி மாற்றி ஆக்சிலேட்டரை மிதிக்கும். கார் ஓரம் அடித்துக்கொண்டே போகும்.

இப்போது இந்தப் பக்கம் மாஸ்டரின் கால். சீசன் நெருங்க நெருங்க, அவருக்குத் தெரியாமலே அது பிரேக்கின் மேல் தாளம் போட ஆரம்பித்துவிடும். அந்தம்மா அங்கே தைக்க, இவர் இங்கே தட்ட, கார் விக்கல் எடுத்தபடி வீதி வீதியாகப் போயிற்று. டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைத் தூக்கிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள்.

"மாஸ்டர், நானா இப்படிக் குலுக்குறேன்?"

"இல்லம்மா, ரோடு சரியில்ல."

ரோடு நேற்றுப் போட்டது. கண்ணாடி மாதிரி இருந்தது.

ஆனாலும் மாஸ்டர் விடவில்லை. "குதிகாலைத் தரையில ஊனிக்கோங்க, விரல் மட்டும் வேலை செய்யட்டும்" என்று சொல்லிச் சொல்லி, அந்தம்மாவின் காலிலிருந்து மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுத்துவிட்டார். தன் காலைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

டெஸ்ட் நாள் வந்தது. ஆபீசர் பின்சீட்டில். தையல்காரம்மா ஸ்டியரிங்கில். மாஸ்டர் பக்கத்தில். விதி இதுதான்: மாஸ்டர் தன் பிரேக்கைத் தொட்டால் பஸ்ஸர் கத்தும், பஸ்ஸர் கத்தினால் ஓட்டியவர் ஃபெயில். அதனால் மாஸ்டர் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் மடக்கி, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன்போல உட்கார்ந்திருந்தார்.

அந்தம்மா ஓட்டினார் பாருங்கள், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி! வலது, இடது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, எல்லாம் ஆயிற்று. திரும்பி ஆபீஸ் கேட்டுக்குப் போக வேண்டிய கடைசித் தெரு. ஆபீசரின் முகத்தில்கூட ஏதோ ஒரு மூலையில் திருப்தி தெரிந்தது.

அந்தத் தெருவில்தான், எந்த மகராசனோ மாடியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மிருதங்கம் பழகிக்கொண்டிருந்தான்.

நன்றாகத்தான் வாசித்தான். அதுதான் வினை. மாஸ்டர் பல்லைக் கடித்தார். மச்சானை நினைத்தார். பஸ்ஸரை நினைத்தார். மேலே கை வேகம் பிடித்தது. சொற்கட்டு சுற்றிச் சுற்றி வந்து முடிவை நோக்கி ஓடிற்று. மாஸ்டரின் கால், சொந்தக்காரரைக் கேட்காமலே, சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. கடைசி அடி விழ வேண்டிய இடத்தில், துளி பிசகாமல் விழுந்தது.

கார் நின்ற வேகத்தில் ஆபீசரின் மூக்கு முன்சீட்டில் போய் மோதியது. பஸ்ஸர் அலறியது.

"எதுக்குய்யா பிரேக் போட்டே?" ஆபீசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நாய் வந்துச்சா? குழந்தை வந்துச்சா?"

"இல்ல சார். தாளம் முடிஞ்சுது."

"எனக்கும் முடிஞ்சுது. ஃபெயில்."

"சார், அவங்க மேல தப்பு இல்ல. என் கால்தான் சார். வேணும்னா என்னை ஃபெயில் பண்ணுங்க."

"உன்னை எவன்யா பாஸ் பண்ணினது, மொதல்ல அதைச் சொல்லு" என்று இறங்கிப் போய்விட்டார் ஆபீசர்.

தையல்காரம்மா திட்டுவார் என்று மாஸ்டர் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பெருமூச்சு விட்டு, "அப்ப ரோடு மேல தப்பில்ல" என்றார்.

சீசன் தொடங்கியது. முன்பே வாங்கிவைத்த சீசன் டிக்கெட் சட்டைப் பையில் சும்மா கிடந்தது. மாஸ்டர் சாயங்காலம் சாயங்காலம் தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். மச்சான் இரக்கப்பட்டு, "வேணும்னா ஞாயித்துக்கிழமை மட்டும் போங்க மாமா" என்று சொல்லிப் பார்த்தான். மாஸ்டர் வேண்டாம் என்றுவிட்டார். அந்தம்மாவின் வேன் துணிக்குள்ளேயே நிற்கும்போது, தான் போய் முன்வரிசையில் காலாட்டிக்கொண்டு உட்காருவது எப்படி? வீட்டில் உரித்த மிட்டாய்கள் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிக்கொண்டிருந்தன.

கால் தாளம் போடுவதை நிறுத்திவிட்டது. கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதுதான் தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மாஸ்டர், கால் செத்துப்போச்சா?"

"நல்லபடியாத்தானே இருக்கு."

"இன்னைக்கு யாரு பாடறாங்க?"

மாஸ்டர் சொன்னார். யார் பாட்டு, யார் வயலின், யார் மிருதங்கம், எத்தனை மணிக்குத் திரை தூக்குவார்கள், எந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மிருதங்கம் கணீரென்று விழும். மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "சும்மா தெரிஞ்சு வச்சிருக்கேன்" என்றார்.

தையல்காரம்மா இண்டிகேட்டரைப் போட்டார். வழக்கமாகத் திரும்பாத பக்கம் திரும்பினார்.

"எங்கம்மா போறீங்க?"

"நெரிசல்ல ஓட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க அரங்கத்து வாசல்ல இல்லாத நெரிசலா?"

அரங்கின் வண்டி நிறுத்துமிடம் கோவில் பிரசாதம் வாங்குகிற இடம்போல முட்டி மோதிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய கார்களுக்கு நடுவே ஒரு சந்து. மாஸ்டர் தானாக இருந்தால் அதில் சைக்கிளைக்கூட விட யோசிப்பார்.

"நீங்க உள்ள போய் ஒரு பாட்டு கேட்டுட்டு வாங்க. நான் இதுல பின்னாடி எடுத்துப் பழகுறேன்."

"தனியாவா?"

"பக்கத்துல நீங்க இருந்தா உங்க கால் இருக்கே."

மாஸ்டர் பையிலிருந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தூணுக்குப் பக்கத்தில் இடம்கூடக் கிடைத்தது. பாடகர் சுருதி சேர்த்து எடுத்தார். ஒரு வருஷமாகக் காத்திருந்த குரல். ஆனால் மாஸ்டரின் காதில் அது ஏறவில்லை. இந்நேரம் ஸ்டியரிங்கை ஒடித்திருப்பாரா? பக்கத்துக் கார்க் கண்ணாடி போயிருக்குமா? ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் வலது கால் தரையை ஓங்கி அமுக்கியது. தாளமும் இல்லை, ஒன்றும் இல்லை. முன்வரிசைப் பெரியவர் திரும்பி, "தாளம் தெரியலைன்னா சும்மா உக்காரலாமே சார்" என்றார். மாஸ்டரை வாழ்க்கையில் யாரும் இப்படித் திட்டியதில்லை.

முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்துவிட்டார். பாதிப் பாட்டில் எழுந்து போகிறவர்களை மனதுக்குள் சபித்தே பழகியவர், குனிந்து குனிந்து எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு வெளியே வந்தார்.

கார், கோணல் இல்லாமல், இரண்டு பெரிய கார்களுக்கும் நடுவே தைத்துவைத்த மாதிரி நின்றது. தையல்காரம்மா பானெட்டில் சாய்ந்துகொண்டு ஒலிபெருக்கியில் வந்த பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"ஒருத்தங்க வண்டிய ரிவர்ஸ் எடுக்கும்போது உள்ள உக்கார முடியலம்மா."

"நாலு தடவை எடுத்துட்டேன். ஒரு கீறல் இல்ல. போங்க, போய்க் கேளுங்க."

"நீங்களும் வாங்களேன்."

"எனக்குப் பாட்டுல ஒண்ணும் தெரியாது மாஸ்டர்."

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? கேக்கத்தான் தெரியும்."

வாசலில் அந்தம்மாவுக்கும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பாடகர் தாளம் இல்லாமல் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இன்னும் கிளம்ப மாட்டேங்கறாரு?" என்று தையல்காரம்மா கிசுகிசுத்தார்.

"இன்ஜின் சூடாகட்டும்னு விட்டிருக்காரு."

குரல் மேலே மேலே ஏறியது.

"இது மேடா?"

"செம மேடு. ரெண்டாவது கியர்ல ஏறுறாரு பாருங்க."

உச்சியில் போய்க் குரல் அசையாமல் நின்றது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தையல்காரம்மா தன் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். "பின்னாடி உருளாம நிக்கிறாரே" என்று அவர் சொன்னபோது, மாஸ்டரின் கை தானாக மிட்டாய் டப்பாவைத் தேடியது. டப்பா வீட்டில் இருந்தது.

மறுநாள் மச்சான் மேஜைக்குப் பின்னால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டிருந்தான். நேற்று வண்டி ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பியது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு மணி நேரக் கிளாஸை ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் எங்க மாமா எடுத்தீங்க?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரம்மா முந்திக்கொண்டார்.

"நெரிசல்ல நிறுத்துறதுக்குங்க. எனக்கு அதுதான் சுத்தமா வரல. எங்க போனாலும் இடம் கெடைக்குது, அந்தப் பெரிய அரங்கத்துலதான் நல்லா நெருக்கமா இருக்கு. நிறுத்தி, கூட்டம் கலையற வரைக்கும் காத்திருந்து, எடுத்துப் பழகணும். இந்த மாசம் முழுக்க அங்கதான் பழகப்போறோம்."

மச்சான் அவரைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மாமா ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசம் முழுக்கவா?"

"நான் கொஞ்சம் மந்தம் தம்பி" என்றார் தையல்காரம்மா, சாவியை எடுத்துக்கொண்டு. "வாங்க மாஸ்டர், இன்னைக்கு வீணைக் கச்சேரியாம். சீக்கிரம் போனாத்தான் தூணுகிட்ட இடம் கெடைக்கும்."