ஜெபக்கூட்டப் பாயில் செள்ளு

வீட்டு ஜெபக்கூட்டம் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்த மாதம் அது. எங்கள் சபையில் பெண்கள் ஜெபிக்க மட்டும் போவதில்லை. கூரை மூலையில் ஒட்டடை இருக்கிறதா, பாத்ரூம் வாளி வழுக்குகிறதா என்று பார்க்கவும்தான் போவோம். நானும் பார்ப்பேன். அதனால்தான் எனக்கு அவ்வளவு பயம். ஒரு வாரம் வீட்டைக் கழுவித் தள்ளினேன். பாய் எடுத்துவைக்கும் ஒரே ஒரு வேலையைக் கணவரிடம் விட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மழை விடாமல் பெய்து பின்னறைச் சுவரெல்லாம் ஓதம். அங்கே ஒரு சாக்கு நிறைய காயவைத்த மரச்சீனிக் கிழங்கு. அதில் செள்ளு விழுந்திருந்தது, உடம்பில் ஏறினால் அரித்தெடுக்கும் பொடிப் பூச்சி. சும்மா பார்த்தால் தெரியாது, உற்றுப் பார்த்தால் கிழங்கில் படிந்த மாவு தானாக நகரும். மனுஷன் பாய்களை அந்தச் சாக்கின் மேலேயே நான்கு நாள் அடுக்கி வைத்திருந்து, அன்று எடுத்து விரித்தும் விட்டார்.

எல்லாரும் முழங்காலிட்டோம். எங்கள் சபைக்காரர்கள் பாட்டுக்குத் தலைகூட ஆட்டமாட்டார்கள். அன்றைக்கோ முதலில் ஒரு அக்கா தோளைக் குலுக்கினாள். பக்கத்திலிருந்தவர் நெளிந்தார். மற்றவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் திறந்து பார்த்தேன். கூட்டம் மொத்தமும் துள்ளிக்கொண்டிருந்தது. மானம் போயிற்று என்று அழுகையே வந்துவிட்டது.

"எட்டி, பாயில செள்ளாக்கும்," என்றார் கணவர் காதருகே.

"மிண்டாதிங்க, யாருக்காவது கேட்டுரும்," என்றேன்.

ஜெபம் முடிந்து உபதேசியார் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "மக்களே, இந்த வீட்டுல ஆவியானவர் அசைவாடினாரு. எனக்கே ஒடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு உண்டு," என்றார். அடுத்த மாதமும் இங்கேதான் என்று அங்கேயே முடிவானது. தேயிலை ஊற்றிக் கொடுத்தபோது எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நிஜத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாளே மரச்சீனியைக் குழிதோண்டிப் புதைத்து, பாய்களைக் கொளுத்தினேன். நெய்யாற்றின்கரையிலிருந்து புது பிளாஸ்டிக் பாய்கள் வந்தன.

அடுத்த கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. உபதேசியார் ஜெபத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னார். எல்லாரும் பிடித்துவைத்த மாதிரி இருந்தார்கள். கடைசியில் என்னை அடுக்களைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"மக்களே, மறைக்காம சொல்லு," என்றார். "போன மாசத்துக்குப் பொறவு இந்த வீட்டுல என்ன பாவம் நொழஞ்சது?"