மூன்று மாவும் ஒரு ஏக்கரும்

ஊருக்கெல்லாம் இலவசமாக மென்பொருள் கொடுத்துப் பராமரிக்கிறவனைத் தேடி, அது ஒழுங்காக ஓடும்வரை ஒருவரும் வரமாட்டார்கள். உங்களில் பலரும் இதே பாடுதான் படுகிறீர்கள், தெரியும். என் பாட்டையும் கேளுங்கள்.

வலங்கைமானில் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டே, கூடப் படித்த இளங்கோவோடு சேர்ந்து எழுதிய நிரல் அது. குழி, மா, இருபது மா சேர்ந்த வேலி என்று நம் பக்கத்தில் சொல்லும் நில அளவை ஏக்கர், சென்ட்டாக மாற்றித் தரும். ஒருவர் எழுதினால் மற்றவர் பார்த்துச் 'சரி' சொன்ன பிறகுதான் வெளியே விடுவது என்று வைத்துக்கொண்டோம். மூன்றாவது ஆள் கிடையாது. இளங்கோவோ அமெரிக்கா போய்விட்டான்.

பனியில் ஒரு கார்

இளங்கோவின் அப்பா ஒருகாலத்தில் எங்கள் வயலில் உழவுக்கும் அறுப்புக்கும் வந்தவர். இப்போது சொந்தச் சாகுபடி. மகன் அனுப்பும் படங்களைப் பார்க்க என் கடைக்குத்தான் வருவார். நானே திறந்து காட்ட வேண்டும். பனி, பனிக்கு நடுவில் கார், காருக்கு முன்னால் இளங்கோ. நானும் விண்ணப்பம் போட்டுப் பார்த்தவன்தான், வீசா கிடைக்கவில்லை. வயிறு எரிந்தது, சிரித்து வைத்தேன். அவர் கபடமில்லாமல் கேட்டார்: "நீங்களும் அவன்கூடத்தானே படிச்சீங்க தம்பி, உங்களை ஏன் இன்னும் கூப்பிடல?"

பதில் வராத கடிதம்

கணக்கைக் கொஞ்சம் சுருக்கி எழுதி, பார்த்துச் சொல்லச் சொல்லி இளங்கோவுக்கு அனுப்பினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், பதில் இல்லை. பெரிய கம்பெனிக்காரனுக்கு நம் குழியும் மாவும் எதற்கு? தினமும் கடை திறந்ததும் முதலில் மெயிலைத்தான் பார்ப்பேன். பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த என் மனைவி மல்லிகா சொன்னாள்: "பொண்ணு பார்த்துட்டுப் போனவங்ககிட்டேருந்து சேதி வருமான்னு காத்திருக்கிற மாதிரியே இருக்கீங்க."

இரண்டே வரி

ஒரு மாதம் ஆனதும் ரோஷம் வந்து, யாரும் பார்க்காமலே அதை வெளியிட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவனிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. மூன்று மா ஒரு ஏக்கர் என்று நான் எழுதியிருந்தேன். நம் வீடுகளில் அப்படித்தானே சொல்கிறோம்? குழிக்கு நூற்று நாற்பத்து நான்கு சதுர அடி, நூறு குழி ஒரு மா என்று முறையாகப் பெருக்கினால், மூன்று மா ஒரு ஏக்கருக்கு முக்கால் சென்டுக்கு மேல் குறையும் என்று காட்டியிருந்தான்.

பார்த்ததுமே தெரிந்தது, அவன் சொன்னதுதான் சரி. ஒரு பொத்தானை அழுத்தினால் திருத்தம் நிரலில் சேர்ந்துவிடும். அழுத்தவில்லை. வயலுக்கு நடுவில் இருக்கிறவனுக்கு, பனியில் கார் துடைக்கிறவன் மா கணக்குச் சொல்லித் தருவதா? பொறாமை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பொறாமைதான். 'பார்க்கிறேன்' என்று பதில் போட்டுவிட்டு மூன்று மாதம் இழுத்தேன். போனில் கேட்டான்: "ரெண்டே வரிதானேடா, அதைப் பார்க்க மூணு மாசமா?"

நாலு சென்ட்

துபாயிலிருந்து திரும்பிக் கடை வைத்திருக்கும் ஜமால் பாய், பால்ய சிநேகிதர் ராஜேந்திரனிடம் பதினைந்து மா வாங்கப் பேசினார். பத்திரம் எழுதுகிறவர் எங்கள் நிரலில் போட்டு, ஐந்து ஏக்கர் என்று அச்சடித்துக் கொடுத்தார். சர்வேயர் அளந்தபோது நாலு சென்ட் குறைந்தது. ராஜேந்திரன் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

ராஜேந்திரன் அந்தக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். அடியில் என் பெயர். பழியைச் சர்வேயர்மேல் போட்டுவிடலாமா என்று நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அவரோடு ஜமால் பாய் கடைக்குப் போய், தப்பு என்னுடையது, திருத்தம் கைக்கு வந்தே மூன்று மாதமாகிறது என்று சொன்னேன். ஜமால் பாய் ராஜேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "மருந்தைக் கையில வச்சுக்கிட்டா தம்பி எங்க ரெண்டு பேரையும் இப்படி நோக விட்டீங்க?"

கயிறு பிடித்தவன்

அன்றே பொத்தானை அழுத்தினேன். இளங்கோவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவன் திட்டவில்லை. வயலிலேயே கிடக்கிற எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சொன்னான்: "எங்கப்பா மொதமொதல்ல மூணு மா வாங்கினப்ப நான்தான்டா கயிறு பிடிச்சு அளந்தேன். ஒரு ஏக்கருக்குக் கொறஞ்சுதுன்னு அன்னிக்கு வீட்டுல யாரும் சாப்பிடல. உங்க வீட்டுல வேலிக் கணக்குல இருந்துச்சு, முக்கா சென்ட் உனக்கு எங்கடா கண்ணுல படும்?"

சரிபார்க்க ஆளில்லை என்று நாமெல்லாம் புலம்புவது நிஜம்தான். எனக்கு ஆள் இருந்தான், அவன் என்னைவிட உயரத்தில் நிற்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.