வெளியே எடுக்கும் வழி

மாடி அறைக்குள் தேக்குக் கட்டிலை வைத்துவிட்டு, அப்புறம் சின்னதாக வாசக்கால் நிறுத்திய புத்திசாலி நான்.

நெடுநாளாகக் காலியாகக் கிடந்த அந்த மாடியை வாடகைக்குப் பார்க்க அரியலூரிலிருந்து ஓர் இன்ஜினியர் பெரம்பலூர் வந்தார். அணு இணைவுச் சோதனை உலையைப் பிரித்துச் சுத்தம் செய்யத் திட்டம் போடுகிறவர். அறையைப் பார்க்காமல் கதவுகளையே டேப்பால் அளந்துகொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“அந்த உலையில கழிவே இல்லையாமே சார்?” என்று படித்ததை அவிழ்த்துவிட்டேன்.

“உள்சுவருலயே கதிர்வீச்சு ஏறிடுங்க. ஆள் போக முடியாது, எந்திரக் கைதான் வெட்டி எடுக்கணும். அதுக்கு வழிய கட்டும்போதே விட்டுடணும்” என்றவர் கட்டிலைப் பார்த்தார். “இத எப்படிங்க எடுப்பீங்க?”

பேச்சை மாற்ற, மத்தியானம் வரை அவருக்கே இணைவை விளக்கினேன். படியின் அகலத்தையும் அளந்துகொண்டே இறங்கிப் போனவர், திரும்பி வரவில்லை.

“கட்டில் கெடுத்துடுச்சு” என்றேன் மனைவியிடம்.

“கட்டில் இல்லீங்க. உங்க பேச்சுலேருந்து வெளிய வரத்தான் வழி தெரியலன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு.”