கோயில் கேட்டைப் பூட்டிய ஞாயிறு

பெரியவனே, உனக்கு இது கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். சின்னவள் அப்போது கைக்குழந்தை. நாம் சபையை விட்டுப் போய்விடுவோம் என்றே நான் பயந்த காலம் அது.

தெற்கேயிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்த குடும்பங்கள் சேர்ந்து, தகரக் கூரை போட்டு எழுப்பிய சபை நம்முடையது. ஊர் வழக்கப்படி அதைக் கோயில் என்றுதான் சொல்வோம். வழக்கம் எதையும் நாங்கள் மாற்றவில்லை. ஞாயிறு காலை ஒன்பதுக்கு ஆராதனை தொடங்கும். பிரசங்கம் நீளமாகத்தான் இருக்கும். கடைசி ஆசீர்வாதம் சொல்லும் முன் யாரும் எழுந்துவிடக் கூடாது.

ஆனால் ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் கம்பெனிக்கு ஞாயிறு கிடையாது. பத்து மணிக்கு வேன் கோயில் வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கும். உடனே போதகரின் குரல் இறங்கிவிடும். பெண்கள் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் முக்காட்டை இழுத்துவிட்டு, குனிந்தபடி வெளியே போவார்கள். ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்த உங்கள் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. அப்படிப் போனவர்களில் சிலர் மறுவாரம் வருவதே இல்லை. வாரத்துக்கு வாரம் பாய் விரிப்பது குறைந்தது.

சபைக் கமிட்டி கூடியது. கீபோர்டு வாங்கினால் கூட்டம் வரும் என்றார் ஒருவர். டிரம்ஸும் வேண்டும் என்றார் இன்னொருவர். செயலாளர் அண்ணாச்சி மட்டும், "இருக்குத ஆள மொதல்ல வெளிய விடாதிய" என்றார்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் தொடங்கியதும் அவர் இரும்பு கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹாரன் அடித்தது. பெண்கள் எழுந்து போய் கேட்டருகே நின்றார்கள்.

"அக்கா, நேரமாச்சுங்க! லைன் நிக்குதுங்க!" என்று வெளியே டிரைவர் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, இது கோயிலா, ஆட்டுப்பட்டியா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"ஆடு ஓடுனா பட்டிய அடைக்கத்தான செய்யணும்? போய் உக்காருங்க."

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஹாரன் விடாமல் ஒரே மூச்சாக அடித்தது. பிறகு சட்டென்று நின்றது. வேன் போய்விட்டது.

மறுநாள் அம்மாவின் மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். "கோயில்லயே இருந்துக்கோங்க" என்றாராம் சூப்பர்வைசர். அம்மா கெஞ்சிக் கெஞ்சி, ஒரு வாரம் கழித்துத்தான் மிஷின் திரும்பக் கிடைத்தது. ஒரு ஞாயிறு விடுப்பு எடுத்தாலும் இனி கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டோம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

"ஆண்டவர நான் விடல. ஆனா கதவப் பூட்டுத எடத்துக்கு இனி வரமாட்டேன்" என்றாள் என்னிடம்.

அதற்குப் பிறகு நம் கோயில் வாசலில் ஹாரனே கேட்கவில்லை. அம்மாவோடு மற்ற கம்பெனிப் பெண்களும் வருவதை நிறுத்திவிட்டதால், கூப்பிட உள்ளே யாரும் இல்லை. கீபோர்டு வந்தது. பாட்டு முடிந்தபின்னும் அதன் சத்தம் தகரத்தில் மோதித் திரும்பி வரும். உங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பேன். எதிர்ப் பக்கம் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

கடைசியில் போதகரே நாம் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டுக் காம்பவுண்டுக்கு வந்தார். "என்ன செஞ்சா வருவீகம்மா?" என்று நேராகக் கேட்டார்.

"வேல விட்டு வந்து நாங்க எங்கயும் நகர முடியாதுய்யா. நீங்க இங்க வாங்க. சின்னதா முடிங்க."

வீட்டுக்காரம்மாவிடம் அனுமதி கேட்டோம். அவர் இந்து. "பாடுங்க கண்ணு, அதுக்கென்ன? மைக் மட்டும் வெச்சுப்போடாதீங்க. எங்கூட்டுக்காரருக்குத் தலவலி வந்துரும்" என்றார்.

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு, குடிநீர்த் தொட்டி ஓரமாகப் பாய் விரித்தோம். வேன் அப்போதுதான் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அம்மா வந்தாள். விட்டுப்போன பெண்கள் எல்லாருமே வந்தார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் துணிப்பஞ்சு ஒட்டியிருந்தது. சபை பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் அம்மாவின் தலை சுவரில் சாய்ந்தது. பக்கத்தில் இன்னொரு பெண் சாய்ந்தாள். பிறகு இன்னொருத்தி.

"தூங்கவா வந்தாவ?" என்று முணுமுணுத்தார் செயலாளர்.

"எழுப்பாதிய அண்ணாச்சி" என்று போதகர் பைபிளை மூடினார்.

பாட்டை நிறுத்தினோம். சின்னவள் அம்மாவின் மடியில் இருந்தாள். அம்மாவின் வலது பாதம் பாயை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. மிஷின் பெடல் மிதிக்கிற அதே வேகம். அவள் விரல்கள், அங்கே இல்லாத துணியை முன்னே தள்ளின. பக்கத்துப் பெண்ணின் காலைப் பார்த்தேன். அதுவும் மிதித்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த காலும்.

போதகர் மெல்ல ஆசீர்வாதம் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை.