சல்யூட் அப்பாவுக்கு ஒரு தாடைக் கட்டு

குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவருக்குத் தெருவில் ‘சல்யூட்’ என்று பேர். மகள் ஸ்கவுட்டில் சேர்ந்த நாளிலிருந்து, பால்காரர் தபால்காரர் என்று எதிரே வந்தவருக்கெல்லாம் மூன்று விரலை நெற்றியில் வைத்தால் வேறு என்ன பேர் வைப்பார்கள்? சேர்ந்தது மகள். விறைத்து நின்றது அப்பா.

பள்ளிக்கூடத்து ஸ்கவுட் டீச்சர் மாற்றலாகிப் போனதும் அங்கே எல்லாம் கலைந்து போயிற்று. விருப்பமுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே தாங்களே படித்து, தாங்களே செய்து பேட்ஜ் வாங்கலாம், தேர்வாளர் வீடு தேடி வருவார் என்று சொன்னார்கள். கேட்டதுதான் தாமதம், சல்யூட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

தோட்ட வேலைக்கு மகள் வைத்த தக்காளிச் செடி வாடியது. தேர்வு நாள் காலையில் அதே தொட்டியில், நர்சரியிலிருந்து வந்த செடி காய்த்துக் குலுங்கியது. பிராணி வளர்ப்புக்குப் பூனையைக் குளிப்பாட்டியதும் அவரே. கீறல் அவருக்கு, பேட்ஜ் மகளுக்கு. சமையலுக்கு ஆம்லெட் போட்டதும் அவர்தான். தையல் பேட்ஜ் கதை இன்னும் கேவலம். அதைச் சட்டைக் கையில் தைத்துக் கொடுத்தது அம்மா.

“ஊருல புள்ளைங்களுக்குப் பல்லு முளைக்கும். நீங்க உங்க பல்லையே புடுங்கி இவ வாயில வச்சிருவீங்க போல” என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி.

கையில் கொப்புளம் வராமல் எவனுக்கும் எந்தத் தொழிலும் வந்ததில்லை. கைநாட்டு வைக்கிறவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. ஆயுசு முழுக்கக் கோப்பு படித்தவருக்கு மட்டும் தெரியவில்லை.

வினை, போன மாவட்ட ஸ்கவுட் முகாமில் வந்தது. சமையல் பேட்ஜைப் பார்த்த முகாம் தலைவி, “நீதான் அடுப்பைப் பாத்துக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சட்டையில் தைத்த அடுப்பு எரியுமா? தீப்பெட்டி காலியானதுதான் மிச்சம். கூட இருந்த பெண்கள் அவளுக்கு ‘ஜரிகை’ என்று பேர் வைத்தார்கள். ஓரத்தில் பளபளப்பு, உள்ளே துணி இல்லை.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

“அடுத்த முகாமுக்கு முதலுதவி பேட்ஜோடதான் போவேன். ஆனா அதை நானே வாங்கணும். நீங்க கிட்டவே வரக்கூடாதுப்பா.”

“அப்பா எங்க கண்ணு வந்தேன்? சும்மா பக்கத்துல நிக்கிறேன்.”

“நிக்கவும் கூடாது!”

அன்றிலிருந்து மேசைக் காலுக்குக் கட்டு, தலையணைக்குக் கட்டு, அம்மாவின் கைக்குக் கட்டு. பூனை மட்டும் அகப்படவில்லை. அதற்கு முன்அனுபவம் இருந்தது.

தேர்வாளராக வந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். வாசலிலேயே சொல்லிவிட்டார்: “பெத்தவங்க வெளிய இருங்க. போன தடவ ஒரு வீட்டுல நான் புள்ளையைக் கேட்டேன், பதில் ஜன்னல் வழியா வந்துச்சு.”

சல்யூட் சளைப்பாரா? “சரிங்க மேடம். ஆனா கட்டுப் போட நோயாளின்னு ஒருத்தர் வேணுமே?” என்று நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் குனியும்போதெல்லாம் காதில் பதிலை ஓதிவிடுவது அவர் திட்டம். புத்தகம் முழுக்க அவருக்குத்தான் மனப்பாடம்.

மகளின் முகம் சுருங்கியது. மறுகணம், ஏதோ தோன்றியவள் போல நிமிர்ந்தாள்.

“மேடம், நோயாளி ஏணியிலேருந்து விழுந்துட்டார். கையும் போச்சு, தாடையும் போச்சு.”

“சரி. மூச்சு இருக்கான்னு பாத்தியா?”

“பேசறார் மேடம். ரொம்பவே பேசறார்.”

“அம்மாடி, புத்தகத்துல கைதானே மொதல்ல…” என்று சல்யூட் கிசுகிசுப்பதற்குள் துணி தாடைக்கு அடியில் போய், உச்சந்தலையில் முடிச்சாகிவிட்டது. அப்புறம் கையை மடித்துத் தூளியில் போட்டுக் கழுத்தோடு கட்டினாள். தலைமை எழுத்தர் பார்சலாக உட்கார்ந்திருந்தார்.

“கைக்குக் கட்டுப் போட்டாச்சு. அதுக்கப்புறம் எதைப் பாக்கணும்?” என்று கேட்டார் நர்ஸ்.

மகள் விழித்தாள். சல்யூட் “ம்ம்ம்” என்று முனகி, தூளிக்கு வெளியே தெரிந்த விரல்களைப் படபடவென்று ஆட்டினார். அவள் அதைப் பார்த்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். ஜரிகை என்ற பேரும் கூடவே கிடந்திருக்கும். வேண்டுமென்றே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

“விரல் நுனி!” என்றாள் திடீரென்று. “நீலமாகுதா, சில்லுனு இருக்கா, மரத்துப்போகுதான்னு பாக்கணும். அம்மாவுக்கு ஒரு தடவ இறுக்கிக் கட்டிட்டேன். விரல் மரத்துப்போச்சுன்னு ஒரே கத்து.”

நர்ஸ் சிரித்துவிட்டார். “இது மனப்பாடம் பண்ணின பதில் இல்ல. முடிச்சு கொஞ்சம் கோணல், ஆனா அவிழாது. பாஸ்.”

கதவருகே நின்ற அம்மா, “மேடம், அந்தத் தாடைக் கட்டை ராத்திரி வரைக்கும் விட்டுவைக்கலாங்களா?” என்று கேட்டாள்.

கட்டு அவிழ்ந்ததும் சல்யூட் முதலில் சொன்னது: “நான் ஆடாம அசையாம உக்காந்ததாலதான் பாஸானா!”

பேட்ஜ் வந்த அன்று மகளே ஊசியை எடுத்தாள். விரலில் இரண்டு குத்து வாங்கிக்கொண்டு, கோணல்மாணலாகத் தைத்தாள்.

“குடு கண்ணு, அப்பா நேரா தச்சு…”

மகள், மடித்து வைத்திருந்த கட்டுத் துணியை எடுத்தாள். சல்யூட் தன் தாடையைத் தானே மூடிக்கொண்டார்.