விரலால் கழன்ற போல்ட்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. உங்கள் அனைவருக்கும் என் ஸலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாந்தமான மனதோடு நான் இதைச் சொல்லவில்லை. இன்றைக்கும் நினைத்தால் குரல் உயர்ந்துவிடுகிறது. பயத்தினால் அல்ல, கோபத்தினால்.

நான் மருதமுனையில் இருக்கிறேன். கணவருக்குக் கட்டாரில் வேலை. உம்மாவுக்கு இரண்டு கிட்னியும் பழுது. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமையில் இரண்டு நாள் மட்டக்களப்புக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் போய்வர அவவுக்குத் தெம்பில்லை. வீட்டில் ஒரு பழைய கார் இருக்கிறது. ஓட்டுவது நான்தான்.

போன வருடம் வெள்ளாமை வெட்டும் காலத்தில் காரின் முன்பக்க பிரேக் கிரீச்சிடத் தொடங்கியது. பெரிய தெருவில் உள்ள ஒரு கராஜில் விட்டேன். பின்னேரம் போனபோது, "பிரேக் பேட் எல்லாம் புதிசு போட்டாச்சு, டிஸ்க்கையும் சரிபண்ணியாச்சு" என்றார் முதலாளி. நம்பினேன். சில நாட்களில் அதே சத்தம், முன்னை விட மோசமாக. இரும்பை இரும்பால் அராவுகிற சத்தம்.

திரும்பப் போனேன். அங்கே நாலைந்து ஆண்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி காரின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, பிரேக்குல சத்தம் ஒண்டும் இல்ல. உங்கட காதுலதான் சத்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். முகம் எரிய வீட்டுக்கு வந்தேன். கணவரின் மூத்த சகோதரரிடம் சொன்னேன். அவரை நானும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"பொம்புள கராஜுக்குப் போய் சத்தம்போடுறது நமக்கு அழகா? சபூர் செய்ங்க புள்ள" என்றார்.

சபூர். பொறுமை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு அன்றைக்கு நெஞ்சு கொதித்தது. தொழுகையில் நின்றாலும் அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்டது. கோபம் ஷைத்தானிடமிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். "யா அல்லாஹ், இந்தக் கோபத்தை என்னிடமிருந்து எடுத்துவிடு" என்று கேட்டேன். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த தடவை உம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்போது, களுவாஞ்சிக்குடி தாண்டி, முன்னால் நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் அலறியது, ஒரு பக்கமாக இழுத்தது, ஆனால் நிற்கவில்லை. பின் சீட்டில் உம்மா "யா அல்லாஹ்!" என்று கத்தினா. கை பிரேக்கை முழுப்பலத்தோடு இழுத்தேன். அதன் இழுவைப் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் கார் நின்றது.

காரை ஓரத்தில் விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

"யா அல்லாஹ், அவன்ட கராஜ இழுத்து மூடு! அவன்ட கைய முடக்கு!"

"அப்பிடிக் கேக்காத மகள்" என்றா உம்மா. டயாலிசிஸ் முடிந்தால் அவவுக்குக் குரல் மெலிந்துவிடும். "அவன அல்லாஹ் பாத்துக்குவான். நீ நமக்கு வேண்டியதக் கேளு."

எனக்கு வேண்டியது என்ன? யோசித்தேன். "உண்மையை என் கண்ணால் காட்டு ரப்பே. உம்மாவைப் பத்திரமாகக் கொண்டுபோய்வர எனக்கு ஒரு வழி காட்டு." அவ்வளவுதான் கேட்டேன். கியரைக் குறைத்து, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை நானா போன் எடுத்தார். "காரத் திரும்ப அந்தக் கராஜுக்கே அனுப்புங்க. நான் சொல்லி வைக்கிறன்."

எனக்குள் ஏதோ அறுந்தது. "அந்தக் கராஜுக்கு என்ட கார் இனிப் போகாது! நேத்து என்ட உம்மா மௌத்தாப் போயிருப்பா, அது உங்களுக்கு வெளங்குதா?" வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை.

பக்கத்து வீடு கல்யாண வீடு. பொத்துவிலில் இருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். என் சத்தம் மதிலைத் தாண்டிப் போயிருக்கிறது. மதிலுக்கு மேலால் ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"என்ன தாத்தா பிரச்சின?"

அவ பெயர் நஸீமா. என்னைவிட இளையவ, அதனால்தான் அக்கா முறையில் தாத்தா என்றா. அறுகம்பேக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு அவவும் கணவரும் வேன் ஓட்டுகிறார்கள். வேனின் பிரேக் வேலையெல்லாம் அவவே செய்வாவாம். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுவிட்டு, "உங்கட வீட்டுக் கவுண் ஒண்டு தாங்க, உடுப்ப மாத்திட்டு வாறன்" என்றா.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். சக்கர நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திவிட்டு ஜாக்கில் தூக்கினோம். "ஜாக்க மட்டும் நம்பிடாதீங்க தாத்தா" என்று, அடியில் கனமான மரக்கட்டையை வைக்கச் சொன்னா. சக்கரம் கழன்றது. பேடை அழுத்திப் பிடிக்கும் கலிப்பரில் இரண்டு போல்ட் இருக்கும். மேல் போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் சாவி போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கீழ் போல்ட்டில் சாவி வைக்கவே இல்லை. நஸீமா விரலால் தொட்டா. அது சுழன்று வந்தது.

அவ முகம் மாறியது.

"இது உழுந்திருந்தா கலிப்பர் எகிறி ரிம்முல அடிச்சிரிக்கும். பைப் அறுந்து பிரேக் எண்ணெ எல்லாம் போயிரிக்கும். இனி எப்ப, எங்க போறீங்க?"

"நாளைக்கழிச்சு மட்டக்களப்புக்கு. உம்மாவோட."

மட்டக்களப்பு வழியில் உள்ள கல்லடிப் பாலமும் அதில் நெருக்கியடித்துப் போகும் வாகனங்களும் என் கண்ணுக்குள் ஓடின. பேடை வெளியே எடுத்துப் பார்த்தால், அது பழைய பேட். முதுகில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். முன்பக்கத்தில் தேய்வதற்கு எதுவுமே மிச்சமில்லை, வெறும் இரும்பு. பேட் உரசும் இரும்புத் தட்டான டிஸ்க் உழுத வயல் மாதிரிக் கிடந்தது.

கல்முனைக்கு ஓட்டோவில் போய், இரண்டு பக்கத்துக்கும் புதிய டிஸ்க்கும் பேடும் வாங்கி வந்தேன். பழைய டிஸ்க் துரு ஏறி அசைய மறுத்தது. சுத்தியலை நான் வாங்கினேன். பிஸ்மி சொல்லி அடித்தேன். ஒவ்வொரு அடியிலும் அந்தச் சிரிப்பை அடித்தேன். "அடிங்க தாத்தா, இன்னம் அடிங்க!" என்றா நஸீமா. கடைசியில் டிஸ்க் கையோடு வந்தது. துருவைத் தேய்த்து, புதிய டிஸ்க்கின் எண்ணெயைத் துடைத்து, பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் பேடைப் பொருத்தினோம். போல்ட்டுகளை நானே இறுக்கினேன். காரை எடுக்கமுதல் பெடல் இறுகும் வரைக்கும் மிதிக்கவைத்தா. பிறகு வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்தேன். சத்தமில்லை. மிதித்த இடத்தில் நின்றது. இறங்கி அங்கேயே, கிரீஸ் கையோடு, அல்லாஹ்வுக்கு நன்றியாக ஷுக்ர் சொன்னேன்.

பின்னேரம் நானாவைப் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன். பெயின்ட் அடித்த பேடுகளை டீக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தேன். "இது என்ட காதுல இரிந்து எடுத்தது" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "வேலைக்காரன் செஞ்ச பிழை" என்று முதலாளி முனகினார். நானா அந்தப் பேடைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுலயா உங்கட உம்மாவக் கொண்டுபோனீங்க புள்ள?" என்றார் என்னிடம். அவர் கண் கலங்கியிருந்தது. அதன்பிறகு அவர் என்னிடம் சபூர் என்று சொன்னதில்லை.

அந்தக் கராஜ் இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இன்னும் பற்றி எரிகிறது. ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. கோபத்தை எடுத்துவிடு என்று நான் கேட்டபோது அல்லாஹ் எடுத்திருந்தால், நான் கத்தியிருக்க மாட்டேன். கத்தியிராவிட்டால் நஸீமா மதிலால் எட்டிப் பார்த்திருக்க மாட்டா. அந்தப் போல்ட் பாலத்தில் கழன்றிருக்கும். நான் வேண்டாம் என்று கேட்டதையே அவன் எனக்கு உதவியாக வைத்திருந்தான்.

இப்போது மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி நானே பார்க்கிறேன். ஒழுங்கையில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களும் வந்து நின்று கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன்.

சகோதரிகளே, உங்களுக்கு அநியாயம் நடந்து, ஊர் உங்களை வாய்மூடச் சொன்னால், அல்லாஹ்விடம் வாய் திறந்து கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் அவன் கேட்கிறான். கேட்டுவிட்டு எழும்பி உங்கள் வேலையைச் செய்யுங்கள். மனிதர்களை எந்த மதிலுக்கு மேலால் அனுப்புவது என்று அவனுக்குத் தெரியும். என் உம்மாவுக்காகவும் துஆ செய்யுங்கள். நாளைக்கும் நாங்கள் மட்டக்களப்புக்குப் போகிறோம்.